பழைய கேம்பர் வேனில் டீசல் கெட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மேட்டடார், பழைய டெம்போ டிராவலர், மகிந்திரா வேன் என்று ஏதோ ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து கேம்பராக மாற்றியவர்களுக்கானது இது. மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் புது வகையான காமன் ரெயில் எஞ்சினில் கீழே சொல்லும் வேலைகளில் பாதியைச் செய்யவே கூடாது. குறிப்பாக, ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்துவது அங்கே உயிருக்கே ஆபத்து.

கேம்பர் வேன் மற்ற வண்டிகளைப்போலத் தினமும் ஓடுவதில்லை. லீவுக்கு ஒருக்கா ஊட்டி, இன்னொருக்கா வால்பாறை, மீதி நாளெல்லாம் வீட்டு வாசலில் பாதி டேங்க் டீசலோடு நிற்கும். அதனால்தான் டீசல் அசுத்தம் லாரியைவிட கேம்பரை அதிகம் படுத்துகிறது. தினம் ஓடும் லாரியில் சேரும் கொஞ்சம் தண்ணீர் அவ்வப்போது ஃபில்டரில் சிக்கி வெளியேறிவிடும். நிற்கிற வண்டியில் அது அடியில் தங்கி, துருவையும் சளியையும் வளர்க்கிறது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அழுக்கு டேங்க்கில் தொடங்கி முன்னே நகர்கிறது: டேங்க், அதிலிருந்து டீசலை உறிஞ்சும் சக்‌ஷன் பைப், டீசலை ஃபில்டருக்குத் தள்ளும் ஃபீட் பம்ப், கிளாத் ஃபில்டர், பேப்பர் ஃபில்டர், அழுத்தம் ஏற்றும் டீசல் பம்ப் (இனி வெறும் பம்ப்), கடைசியாக சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில். சோதிப்பதும் சுத்தம் செய்வதும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். பம்பைக் கழற்றி பெஞ்சில் போட்டு, பெரிய தொகை கொடுத்துச் சரிசெய்து மாட்டிய பிறகு, பழைய டேங்க்கிலிருந்தே டீசல் ஊட்டினால் அந்தக் காசு வீண். பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு சொட்டுத் துருத்தண்ணீர் போதும், அதைக் கீறிவிட.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு பாட்டில்

வண்டியை ஓர் இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்துங்கள். டேங்க்கின் டிரெயின் பிளக் இருக்கும் பக்கம் சற்றே தாழ்வாக இருக்கட்டும். காலையில் எஞ்சினைத் தொடாமல், கேஸ் சிலிண்டரை மூடி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிரெயின் பிளக்கைத் தளர்த்தி முதலில் வரும் ஒரு லிட்டரை நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், அதில் மங்கல் தெரியாது. பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தால் முறுக்கி உடைக்க வேண்டாம். டேங்க் வாய் வழியாக அடிவரை குழாய் விட்டுக் கை பம்பால் உறிஞ்சலாம். வாயால் உறிஞ்சாதீர்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ, ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். இரண்டுக்கும் நடுவே கோடு சரியாகத் தெரியவில்லையென்றால், பலகாரத்துக்குப் போடும் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை தூவுங்கள். அந்தச் சாயம் டீசலில் கரையாமல் இறங்கி, தண்ணீர் இருந்தால் அதில் மட்டும் நிறம் ஏற்றும். சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

அடியில் தெளிவான தண்ணீர் மட்டும் என்றால் வேலை சுலபம். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பாக, நூல் நூலாக ஏதாவது தொங்கினால் அது நுண்ணுயிர்ச் சளி. அடியில் செங்கல் பொடி மாதிரி படிந்தால் டேங்க்கின் உள்சுவர் துரு. டீசல் முழுவதுமே பால் கலந்ததுபோல் மங்கியிருந்தால் தண்ணீர் மிக நுண்ணிய துளியாகக் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட டீசலை ஒருநாள் அசையாமல் வைத்தும் தெளியவில்லையென்றால் மறுபடி வண்டியில் ஊற்றாதீர்கள்.

கேன் சோதனை

பாட்டிலுக்கு அடுத்தபடி இதுதான் அதிகம் காசு மிச்சம் பிடிக்கும் சோதனை. கோளாறு டேங்க் பக்கமா, எஞ்சின் பக்கமா என்பதை ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடும்.

சுத்தமான 5 லிட்டர் கேனில், நம்பிக்கையான பங்க்கில் வாங்கிய புது டீசல். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள, டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸ் இரண்டு துண்டு, தேவைக்கேற்ற நீளத்தில். நான்கு ஹோஸ் கிளிப். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, அங்கே கேனிலிருந்து வரும் ஹோஸை மாட்டுங்கள். மிஞ்சிய டீசலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி இரண்டாவது ஹோஸ் வழியாக அதே கேனுக்குள் விடுங்கள். பலர் ரிட்டர்னை மறந்துவிடுகிறார்கள். அப்போது நல்ல டீசல் அழுக்கு டேங்க்குக்குள் கொட்டி, கேன் சீக்கிரம் காலியாகிறது, குழாய்க்குள் காற்று புகுந்து மறுபடி ஏர் பிடிக்கிறது, சோதனையே குழம்புகிறது. கேனை எக்ஸாஸ்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத இடத்தில் கட்டிவைத்து, கீழே சொல்லியிருக்கிறபடி ஏர் எடுத்து, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேனில் ஒழுங்காக ஓடினால் தவறு டேங்க்கிலோ சக்‌ஷன் பைப்பிலோ இருக்கிறது. பம்ப் கடைப் பக்கம் போகவே வேண்டாம். கேனிலும் அதே திணறல் என்றால் ஃபில்டரை மாற்றி மறுபடி பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால்தான் பம்ப், நாசில்.

சமவெளியில் நன்றாக ஓடுகிறது, மேட்டில் நிற்கிறது

அவினாசி சாலையில் எண்பதில் பறக்கும் வண்டி, ஆழியாறு தாண்டி வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதில் திணறி நிற்கும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். இதற்கு எஞ்சின் சூடு என்று ரேடியேட்டரைப் பார்க்கிறவர்கள் அதிகம். டெம்பரேச்சர் முள் சரியாக இருந்தால் டேங்க்கைப் பாருங்கள்.

கணக்கு இதுதான். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 25 உயரம் உள்ள டேங்க் 60 லிட்டர் பிடிக்கும். உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குள் 3.6 லிட்டர் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் படுத்திருக்கலாம். சமதரையில் குழாய்க்கு எட்டாது. வண்டி முகம் தூக்கி, வளைவில் சாய்ந்தால் அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடிவந்து குழாய் வாயை மூடும். கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் திம்பத்தின் 27 வளைவுகளிலும் நடப்பது இதேதான்.

இன்னொரு காரணம், உறிஞ்சும் குழாய் நுனியில் உள்ள சல்லடை. அடியில் கிடக்கும் சளியும் குப்பையும் மேட்டில் கலங்கி, உறிஞ்சும் விசையில் சல்லடையோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் விசை போய், குப்பை உதிர்ந்து விழும். அதனால்தான் பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறது.

மூன்றாவது, டேங்க்கின் காற்று வழி அடைப்பு. வண்டி திணறியதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் வென்ட் அடைத்திருக்கிறது. குளவி கட்டிய மண்கூட காரணமாக இருக்கலாம். மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால் சல்லடையோ தண்ணீரோதான்.

சல்லடை அடைப்பை உறுதிசெய்ய, ஃபீட் பம்ப் முனையில் சக்‌ஷன் பைப்பைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்பால் டேங்க் பக்கமாகக் காற்றடியுங்கள். டேங்க்குக்குள் குமிழி விடும் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை நேராக வைத்து அடிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் சல்லடை கழன்று டேங்க்குக்குள் விழும், பழைய ரப்பர் இணைப்பும் பிய்ந்துவிடும். காற்றடித்துச் சரியானாலும் அது மலையிலிருந்து இறங்கி வீடு சேரும் வரைக்குமான வைத்தியம்தான். குப்பை இன்னும் உள்ளேயே இருக்கிறது.

திம்பம் அடிவாரத்துப் பண்ணாரியைத் தாண்டிக் காட்டுச் சாலையில் நின்றால், சோதனையெல்லாம் அங்கே வேண்டாம். இரவுப் போக்குவரத்துத் தடை உள்ள சாலை அது, யானை நடமாட்டமும் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் இடம் இல்லை. மூடியைத் திறந்து, ஏர் எடுத்து, மெதுவாகச் செக்போஸ்ட் வரை வந்துவிடுங்கள்.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது

ஃபீட் பம்பில் கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை இருபது முப்பது முறை அடித்தால் பிடித்துக்கொள்கிறது, பிறகு நாள் முழுக்கச் சிக்கல் இல்லை. இது அசுத்தம் இல்லை, ஏர் லீக். சக்‌ஷன் பக்கம் காற்று நுழைந்து, இரவில் டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடுகிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் இருக்கலாம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் ஒளி ஊடுருவும் ஹோஸ் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி ஓடினால் டேங்க்குக்கும் அந்த ஹோஸுக்கும் நடுவே லீக்.

பழைய வண்டிகளில் இதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல்தான் விற்பனை. கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் கந்தகம் அதிகமுள்ள டீசலில் ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் ஓரிங்குகள் குறைந்த கந்தக டீசலில் சுருங்கிக் கசியலாம். ஓரிங், ரப்பர் ஹோஸ், காப்பர் வாஷர் மூன்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

கேம்பரில் மட்டும் காணும் இன்னொரு காரணம், டீசல் ஹீட்டர். ஊட்டிக் குளிருக்கு என்று ஹீட்டர் மாட்டும்போது எஞ்சினுக்குப் போகும் சக்‌ஷன் பைப்பிலேயே டீ (T வடிவ இணைப்பு) போட்டு லைன் எடுத்திருப்பார்கள். அந்த டீ வழியாக எஞ்சின் காற்றை இழுக்கும். ஹீட்டருக்கு டேங்க்கின் மேற்பகுதியில் தனியாக ஓர் உறிஞ்சு குழாய் இறக்குவதே சரி.

இழுவை மெல்லக் குறைகிறது, புகை இல்லை

புகை இல்லாமல் இழுவை குறைந்தால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

டீசல் போதாமைக்கு முதல் சந்தேகம் ஃபில்டர். பழைய மைக்கோ கம்பெனி இரட்டை ஃபில்டரில் முதலில் கிளாத் எலிமென்ட், அடுத்து பேப்பர் எலிமென்ட். அதற்கும் முன்னால் ஃபீட் பம்பின் கீழே ஒரு சிறு கிண்ணத்தில் கம்பிச் சல்லடை இருக்கும். ஃபில்டர் மாற்றுகிறவர்கள் இந்தச் சல்லடையைத் திறந்து பார்ப்பதே இல்லை. அதை டீசலில் கழுவி, கிண்ணத்து வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

கழற்றிய பேப்பர் எலிமென்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். வெளி உறையை வெட்டித் திறந்து, மடிப்பை விரித்து வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் துரு. கறுப்பாக, விரலில் வழுவழுவென்று ஒட்டினால் சளி. மினுமினுக்கும் உலோகத்துகள் என்றால் ஃபீட் பம்போ, டேங்க்கில் யாரோ செய்த வேலையின் மிச்சமோ. புது ஃபில்டர் போட்டு இருநூறு கிலோமீட்டரில் மறுபடி இழுவை குறைந்தால், இன்னொரு ஃபில்டர் வாங்குவதோடு நிறுத்தாமல் டேங்க்கைக் கழற்ற வேண்டும்.

புது பேப்பர் ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுத் துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே பம்புக்குப் போகிறது. காலியாக மாட்டி பிரைமரால் நிரப்புவதுதான் முறை. கை கொஞ்சம் வலிக்கும்.

வெள்ளைப் புகை, தட்டல், ஒரு சிலிண்டர் ஓடவில்லை

தண்ணீர் பம்பைத் தாண்டி நாசில்வரை போயிருக்கலாம். ஆனால் வெள்ளைப் புகைக்கு வேறு இரண்டு காரணமும் உண்டு. காலைக் குளிரில் மட்டும் வந்து இரண்டொரு நிமிடத்தில் நின்றால் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட். இரண்டும் இல்லையென்றால், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் அடியில் உள்ள டிரெயினைத் திறந்து இருநூறு மில்லி பிடியுங்கள். அதில் தண்ணீர் இருந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் பம்பைத் தின்கிறது.

உங்கள் வண்டியில் எந்த வகைப் பம்ப் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பின் கேம்ஷாஃப்ட்டுக்குத் தனியே எஞ்சின் ஆயில் உண்டு. டீசல் கெட்டால் பிளஞ்சரும் டெலிவரி வால்வும் பாதிக்கப்படும். உருண்டையான ரோட்டரி பம்பில் எல்லாப் பாகத்துக்கும் டீசலே மசகு. அது தண்ணீரைக் கொஞ்சமும் பொறுக்காது.

எந்த சிலிண்டர் ஓடவில்லை என்று அறிய: ஐடிலில் ஓடவிட்டு, நாசில் தலையில் உள்ள யூனியன் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஓட்டம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாறவில்லையென்றால் அதுதான் குற்றவாளி. கண்ணாடி அணிந்து, நட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். பீய்ச்சும் நாசில் நுனிக்கு நேரே கையை எப்போதும் காட்டாதீர்கள். நூறு பாரைத் தாண்டிய அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளி மாதிரி தெரியும் அந்தக் காயத்துக்கு வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஃபில்டரில் பழுப்புச் சளி

பாசி என்று சொல்வார்கள். வெளிச்சமே இல்லாத டேங்க்குக்குள் பாசி வளராது. இது பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் குடியிருந்து, டீசலையே உணவாக்கிக்கொண்டு வளரும். வெளிவிடும் அமிலத்தில் டேங்க் அரிக்கும். ஆகவே தண்ணீரை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றுவது வீண்.

வரிசை இப்படி: அடித் தண்ணீரை முழுக்க வடியுங்கள். சளி கொஞ்சம்தான் என்றால், டீசலுக்கென்று விற்கும் நுண்ணுயிர்க்கொல்லியான பயோசைடை லேபிளில் உள்ள அதிக அளவுக் கணக்கில் போட்டு, சொன்ன நேரம் நிறுத்திவையுங்கள். கையுறை கட்டாயம். செத்த சளி உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும், எனவே இரண்டு மூன்று செட் ஃபில்டர் கையில் இருக்கட்டும். சளி கைப்பிடி அளவுக்கு வந்தால் மருந்தை நம்பாமல் டேங்க்கைக் கழற்றுங்கள்.

தண்ணீரை டீசலோடு கரைத்து எரித்துவிடும் என்று விற்கும் ஆல்கஹால் வகைத் திரவங்களை டேங்க்கில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும்போது ஊற்றாதீர்கள். செப்பரேட்டரில் பிடிபட வேண்டிய தண்ணீரை அது பம்புக்குள் தள்ளிவிடும்.

துருப்பொடி: டேங்க்கைக் கழற்ற வேண்டியதுதான்

60 லிட்டர் டீசல் ஏறக்குறைய 50 கிலோ. முதலில் உறிஞ்சி எடுத்து, டேங்க்கைக் காலியாக்குங்கள். பேட்டரி கழற்றி, கேஸ் மூடி, ஃபிரிட்ஜ் அணைத்துத் திறந்தவெளியில் செய்யும் வேலை. சப்ளை, ரிட்டர்ன், வென்ட், கேஜ் ஒயர் நான்குக்கும் துணிப்பட்டை கட்டி அடையாளம் வையுங்கள். சப்ளையும் ரிட்டர்னும் மாறிவிட்டால் வண்டி ஓடாது. ஜாக்கியின் மேல் பலகை வைத்து டேங்க்கைத் தாங்கிக்கொண்டு பட்டை போல்ட்டுகளைக் கழற்றுங்கள்.

கேஜ் மிதவையையும் சல்லடையையும் எடுத்துவிட்டு, துணி துவைக்கும் சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவுங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்து ஊற்றும் அமிலம் துருவைத் தொடவே தொடாது. உதிரித் துருவுக்கு ஒரு மெல்லிய சங்கிலி இரண்டு மீட்டர், ஒரு முனையைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுக் குலுக்குங்கள். ஜல்லிக்கல் போடாதீர்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு, கல் அவற்றின் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும்.

பிறகு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), லிட்டருக்கு 50 கிராம். 60 லிட்டருக்கு 3 கிலோ. சூடான தண்ணீரில் கரைத்து விளிம்புவரை நிரப்பி ஓர் இரவும் ஒரு பகலும் விடுங்கள். உள்ளே துத்தநாகமோ ஈயமோ பூசிய டேங்க் என்றால் அமிலம் அந்தப் பூச்சையும் எடுத்துவிடும். அதற்குக் கழுவுவதோடு நிறுத்தி, பூச்சு பெருமளவு போயிருந்தால் டேங்க்கையே மாற்றுவது நல்லது. அமிலத்தைக் கொட்டிய கையோடு, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் இருமுறை அலசுங்கள். இனித் தாமதிக்கக் கூடாது. சுத்தமான இரும்பு ஈரத்தில் சில நிமிடங்களிலேயே செம்மை ஏறும். வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வெயிலில் வைத்து, புளோயரால் காயவைத்து, ஒரு லிட்டர் டீசலை உள்ளே விட்டு எல்லாச் சுவரும் நனைய உருட்டி, அந்த டீசலை வடித்துவிடுங்கள்.

துரு போனதும் ஓட்டை தெரியவந்தால் டேங்க்கை நேரே வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. உள்ளே மிஞ்சிய ஆவி பொறி பட்டதும் வெடிக்கும். வேறு டேங்க் மாட்டுவதே எங்கள் முதல் யோசனை.

வடித்த டீசலையும் கழுவிய தண்ணீரையும் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடவேண்டாம். நொய்யல் ஆறு பட்டது போதும். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

டேங்க்கில் வேறு எதையோ ஊற்றிவிட்டால்

கேம்பரில் அடிக்கடி நடப்பது, குடிதண்ணீர்த் தொட்டி வாயும் டீசல் வாயும் ஒரே பக்கம் ஒரே மாதிரி மூடியோடு இருப்பதால் தண்ணீரை டீசலில் விடுவது. சாவியைத் தொடாமல் வடித்தால் சேதம் எதுவும் இல்லை. இரண்டு மூடிக்கும் வேறு வேறு நிறமும், டீசலுக்கு மட்டும் பூட்டும் போடுங்கள்.

பெட்ரோல் விழுந்தாலும் சாவி போடக் கூடாது. வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, முழு டேங்க்கையும் வடிக்க வேண்டும். கொஞ்சம்தானே, மேலே டீசல் நிரப்பி ஓட்டலாம் என்று சொல்வார்கள். பெட்ரோலுக்கு மசகு இல்லை, ரோட்டரி பம்பை அது தேய்த்துவிடும். மண்ணெண்ணெய்க் கலப்படத்துக்கும் அதே கதைதான். வடித்த கலவையைப் பெட்ரோலாகவே பாவித்து, அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் தள்ளி வையுங்கள். புது லாரிகளுக்கு ஊற்றும் யூரியாக் கரைசல் கேன் மாறி விழுந்தால், வடித்த பின் வெதுவெதுப்பான தண்ணீரால் டேங்க்கை அலசுங்கள். யூரியா தண்ணீரில் கரையும், டீசலில் கரையாமல் வெள்ளைப் படிகமாக நிற்கும்.

ஏர் எடுக்கும் முறை

முதல் ஃபில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும்வரை பிரைமரை அடித்து, பிரைமரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர். பிறகு பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ. இந்த வரிசை மாறினால் காற்று முன்னே தள்ளப்படும். கடைசியாக நாசில் யூனியன் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, டீசல் துடித்து வரும்வரை தொடருங்கள். இறுக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரைமர் குமிழைத் திருகி மூட மறக்காதீர்கள், அங்கேயும் காற்று நுழையும்.

சுத்தம் செய்த பின் முதல் ஃபில்டர் செட்டை 200 கிலோமீட்டரில் வெட்டிப் பாருங்கள். அடுத்தது 1000 கிலோமீட்டரில்.

பம்ப் கடைக்குப் போகும்போது

லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் பிழைப்பான நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பம்ப் நாசில் கடைக்குப் பஞ்சமில்லை. முதலில் நாசிலை மட்டும் கழற்றிக் கொடுங்கள். "நாசிலை மொதல்ல டெஸ்டுல போட்டுப் பாருங்ணா, அதுக்கப்புறம் பம்பைப் பாத்துக்கலாமுங்க" என்று சொன்னால் போதும். திறக்கும் அழுத்தம், தெளிக்கும் வடிவம், நுனியில் சொட்டு நிற்கிறதா என்ற மூன்றையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றும் பழைய பிரிசேம்பர் எஞ்சின்களில் திறக்கும் அழுத்தம் 115 முதல் 125 பார். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் திறக்கும் அழுத்தம் இதைவிட மிக அதிகம், மேனுவலில் உள்ள எண்ணையே கொடுங்கள். பம்பைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், கழற்றும் முன் பம்புக்கும் எஞ்சின் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டைமிங் அதில்தான் இருக்கிறது.

ஆம்னி கேம்பர்

பெட்ரோல் வண்டிக்கு ஒரு பத்தி போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். குலுக்கினாலும் புது பெட்ரோல் ஊற்றினாலும் நம்பும்படி மறுபடி சேராது. முழுக்க வடிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் ஃப்ளோட் கிண்ணத்தையும் ஜெட்டையும் கழுவி, பழைய ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

டீசல் போடுவதும் நிறுத்திவைப்பதும்

லாரிகள் வரிசை கட்டும் பங்க்கில் போடுங்கள். சேலம்–கோவை 544ஆம் எண் சாலையில் அப்படிப்பட்டவை நிறைய. அங்கே டீசல் தேங்கி நிற்பதில்லை. "ஏனுங்க தம்பி, டேங்கர் எறக்கி எவ்வளவு நேரமாச்சுங்க?" என்று கேளுங்கள். இப்போதுதான் இறக்கினார்கள் என்றால் நிலத்தடித் தொட்டியின் அடிக்கசடு கலங்கியிருக்கும், அடுத்த பங்க்குக்குப் போய்விடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்து பங்க்குகளைத் தவிர்க்கலாம். அடர்த்தி காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்க்கை முழுக்க நிரப்பி நிறுத்துங்கள். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் டேங்க் காற்றை விட்டு இழுக்கும்போது ஈரம் உள்ளே வரும், காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். ஆனால் அதைவிட அதிகத் தண்ணீர் வெடித்துப்போன மூடி ரப்பர் வழியாகத்தான் வருகிறது, வாட்டர் சர்வீஸ் செய்யும்போது குறிப்பாக. அந்த ரப்பரை மாற்றுங்கள், பிரஷர் குழாயை மூடிக்கு நேரே காட்டவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து கால் லிட்டர் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். மலைக்குக் கிளம்பும்போது பெட்டியில் கிளாத், பேப்பர் எலிமென்ட் இரண்டு செட், காப்பர் வாஷர் பத்து, ஒளி ஊடுருவும் ஹோஸ், கிளிப், சைக்கிள் பம்ப், 10, 12, 13, 17, 19 ஸ்பேனர்கள், ஒரு காலி கண்ணாடி பாட்டில்.